பெருங்குடல் வரை திறக்காத பூட்டு

ஐம்பது கிலோ மூட்டை முதுகில் இருக்கும்போது மனிதனால் சிரிக்க முடியாது. சிரிப்பதற்கு வேண்டிய காற்றை மூட்டை எடுத்துக்கொண்டுவிடும். மீறிச் சிரித்தால் மூட்டை விழும், இல்லையென்றால் ஆள் விழுவான். சுமந்தவர்களுக்கு இது தெரியும்.

தூத்துக்குடியில், கீழ்க்கடல் சரக்கு நிறுவனத்தின் நான்காம் எண் கிட்டங்கியில் அன்று காலை பத்தே காலுக்குப் பன்னிரண்டு பேர் சிரித்தார்கள். பதினோரு மூட்டைகள் விழுந்தன. ஒன்று கிழிந்து யூரியா தரையெல்லாம் கொட்டியது. பன்னிரண்டாவது மூட்டையைத் தொம்மை மட்டும் விடவில்லை. அதை மடியில் கிடத்தி, கண்ணில் நீர் வழிய, தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

"என்னா கனம் கனக்கா பாரு மேஸ்திரி! இவ அப்பன் வீட்டுல என்னத்தப் போட்டு வளத்தானோ!"

மேஸ்திரி பட்டுராசனுக்கும் அதே கதிதான். தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, மறுபடி மறுபடி சிரித்துக்கொண்டிருந்தான். நாற்பத்தாறு வயதில் அவன் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. நியாயப்படி அன்று அவன் பயந்து செத்திருக்க வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்கு அவன் முதுகெலும்புக்குத் தீர்ப்பு இருந்தது.

மூன்று மாதத்துக்கு முன்னால் கம்பெனி ஒரு மாத்திரையைச் சோதனைக்குக் கொண்டுவந்தது. டாக்டர் மெர்சலின் இந்த மூட்டைகள் மேலேயே அவர்களை உட்காரவைத்து விளக்கினாள். முப்பத்திரண்டு வயது, கையில் எந்நேரமும் ஒரு பலகைக் கணினி, யாரையும் விரட்டாத பேச்சு.

"இதுக்குள்ள இருக்கிற மருந்து உங்க அசதியை மறைக்கும், வலியையும் மறைக்கும். ஆனா இரைப்பையில கரையக்கூடாது. பெருங்குடலுக்குப் போய்த்தான் கரையணும். அங்க கரைஞ்சா எட்டு மணி நேரத்துக்குச் சன்னமா ஊறும், ஊறினது மறுநாள் மாத்திரை வரைக்கும் தாங்கும்."

"மேல கரைஞ்சா என்னம்மா? ரெண்டும் வயிறுதான?" என்றான் தொம்மை.

"மேல கரைஞ்சா எட்டு மணி நேர மருந்தும் ஒரே அடியா மூளைக்கு ஏறிடும், காரணமில்லாமச் சிரிப்பீங்க. அதுக்குத்தான் ஒரு தோல் பூசியிருக்கோம். பாலிமர்னு பேரு. இரைப்பையில புளிப்பு அதிகம். புளிப்புல இந்தத் தோல் இறுகிக் கிடக்கும், கரையாது. கீழ போகப் போகப் புளிப்பு குறையும். பெருங்குடல் பக்கம் போறப்ப லேசா உவர்ப்பாயிடும். அந்த உவர்ப்பு பட்டதும் தோல் தானா கரைஞ்சு கதவு திறந்துரும். சாவி போட வேண்டாம், இடம் வந்தா திறக்கிற பூட்டு."

பட்டுராசன் தலையை ஆட்டினான். "நாங்க தூக்குத யூரியா மாதிரி. வேப்பெண்ணெய் பூசியிருப்பான். மண்ணுல விழுந்ததும் ஓடிராம, வேருக்கு மெதுவாக் கெடைக்கட்டும்னு."

"அதேதான்! அதேதான் மேஸ்திரி!"

"அப்ப நாங்க வயலு," என்றான் தொம்மை. "வெளைச்சல் யாருக்கும்மா?"

மெர்சலின் சிரித்து மழுப்பினாள். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து பட்டுராசனுடையது.

மாத்திரை வேலை செய்தது. பொய் சொல்ல வேண்டியதில்லை, பிரமாதமாகவே வேலை செய்தது. விடியற்காலை நான்கு மணிக்கு வீட்டில் வெறும் வயிற்றில் போட்டால், பத்து மணி சுமாருக்குக் கதவு திறக்கும். அதற்குப் பிறகு மூட்டை பஞ்சாகிவிடும். இருபத்தைந்து வருடமாக வீட்டுக்கு வந்ததும் கோணிச் சாக்காக விழுந்து கிடந்த ஆட்கள், மாலை ஆறு மணிக்கு விசிலடித்துக்கொண்டு வந்தார்கள். ஐம்பத்திரண்டு வயதில் தொம்மை மாதா கோயில் திருவிழாவில் மூன்று மணி நேரம் ஆடினான். பட்டுராசன் தன் வீட்டுக்கு வெள்ளையடித்தான். சுண்ணாம்பு மிச்சம் இருந்ததால் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் அடித்தான்.

"கம்பெனியில என்னத்தக் குடுக்காவ ஒமக்கு?" என்று அவன் மனைவி வேல்கனி கேட்டாள். "பொழுதடைஞ்சா ஒம்மக் கட்டிப்போடக் கயிறு வாங்கணும் போலுக்கே."

ஒவ்வொரு மாத்திரையிலும் மணல் அளவுக்கு ஒரு பொட்டு உண்டு. மாத்திரை எங்கே திறந்தது என்பதை அது மெர்சலினின் பலகைக்குச் சொல்லும். பெருங்குடலில் திறந்தால் பச்சைப் புள்ளி, வேறு எங்கே திறந்தாலும் சிவப்பு. தொண்ணூறு நாளும் பச்சை. வலிக்கிறதா என்று வாரம் ஒருமுறை கேட்பாள். இல்லை என்பார்கள். 'பக்கவிளைவு இல்லை' என்று எழுதுவாள்.

ஆளுக்கு அசதியை நீக்கிவிட்டுக் கம்பெனி சும்மா உட்கார்ந்திருக்காது. தொண்ணூறு நாள் முடிந்த மறுநாள், மூட்டையை எழுபத்தைந்து கிலோ ஆக்கலாமா என்று பார்க்கத் தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வருவதாகச் சொன்னார்கள். பன்னிரண்டு பேரும் மூன்று மணிக்கு எழுபத்தைந்தைத் தூக்கி நாற்பது எட்டு நடந்து காட்ட வேண்டும். நடந்துவிட்டால் அடுத்த மாதம் முதல் மூட்டையே அந்த எடைதான்.

பட்டுராசனிடம் ஒரு எக்ஸ்ரே இருந்தது. மாத்திரை வருவதற்கு முந்தைய வாரம் பெரியாஸ்பத்திரியில் எடுத்தது. நாலாவது எலும்புக்கும் ஐந்தாவது எலும்புக்கும் நடுவே இருக்க வேண்டிய மெத்தை தேய்ந்து காகிதமாகியிருந்தது. "ஐம்பதே ஒமக்கு அதிகம். எறக்கி வையும். இல்லன்னா ஒரு நாள் இடுப்புக்குக் கீழ ஒண்ணும் இருக்காது" என்றார் அங்கிருந்த டாக்டர். எக்ஸ்ரேயை அரிசி டிரம்முக்குப் பின்னால் சொருகிவைத்தான். வேல்கனிக்குக் கூடத் தெரியாது. கிட்டங்கியில் சுமக்க முடியாமல் போனவனுக்குக் கோணூசியைக் கொடுத்து, கிழிந்த சாக்குத் தைக்க உட்காரவைப்பார்கள். கோணூசி பிடித்தவன் மேஸ்திரியாக இருக்க முடியாது. அதனால்தான் முதல் கையெழுத்துப் போட்டான். வலி போய்விட்டது, தேய்மானம் போகவில்லை. எழுபத்தைந்து என்று கேட்டதும்தான் அவனுக்கு உறைத்தது. முறியும்போதும் வலிக்காது. முறிந்ததே தெரியாமல் அடுத்த மூட்டைக்குக் குனிவான்.

அன்று எல்லாம் மரியாதையால் கெட்டது.

வந்தவர்கள், ஆட்கள் மாத்திரை விழுங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்கள். அதனால் நான்கு மணி மாத்திரை ஒன்பது மணிக்குப் போனது. மூன்று மணிக்குச் சரியாகத் திறக்கும் என்று மெர்சலின் கணக்குப் போட்டாள். விருந்தாளி வந்த நாளில் ஆட்களுக்கும் நல்ல சாப்பாடு போடவேண்டும் என்று கம்பெனியும் காலையிலேயே பூரி, கிழங்கு, வடை, கேசரி என்று பரிமாறியது. போட்டதை வைத்துவிட்டு எழுந்தால் மரியாதையில்லை என்று ஆட்களும் தின்றுதீர்த்தார்கள். காமிராவுக்கு முன்னால் மாத்திரையை விழுங்கினார்கள். விருந்தாளிகள் ஏசி அறைக்குக் கம்பெனி விளக்கப்படம் பார்க்கப் போனார்கள். இவர்கள் வழக்கமான ஐம்பதைத் தூக்க ஆரம்பித்தார்கள்.

வயிறு நிறையத் தின்றுவிட்டுக் குனிந்து மூட்டை தூக்கினால் புளித்தண்ணீர் தொண்டைக்கு வரும். அதற்காகவே கிட்டங்கி மூலையில் ஒரு பானை உண்டு. தண்ணீரில் ஆப்ப சோடாவும் உப்பும் கலந்தது. தினமும் பத்து மணிக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் என்பது கணக்கு. அன்று ஆளுக்கு மூன்று.

மூன்றாவது டம்ளரைக் குடித்துவிட்டு மூட்டையைத் தூக்கியதும் சிரிப்பு வந்தது.

சிரிப்போடு இன்னொன்றும் வந்தது. தொண்ணூறு நாளாக மறைந்து கிடந்ததெல்லாம் வாய்க்கு ஏறியது.

"எலேய்!" என்று தூணைப் பிடித்தபடி பட்டுராசன் கத்தினான். "எனக்கு முதுகே கெடையாதுலே! நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல ஒண்ணுமே இல்ல! காத்துதான் நிக்கி! காத்து!"

கிட்டங்கியே அதிர்ந்தது.

"முதுகுதான? அது கெடக்கு. இங்க பாரு," என்று தொம்மை மூட்டையை இறக்கிவைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினான். இடது கால் பெருவிரல் நாவல் பழமாக வீங்கி, பக்கவாட்டில் திரும்பியிருந்தது. "இது எப்ப ஒடிஞ்சிதுன்னே தெரியல மேஸ்திரி! மூணு வாரமா இதோடதான் ஆடிட்டு இருக்கேன்! திருவிழாவுல எல்லாரும் கைதட்டுனானுவ!"

இன்னொருவன் தோளைத் தூக்கிக் காட்ட முயன்று, தூக்க முடியாததைக் கண்டுபிடித்து, உருண்டு சிரித்தான். ஒருவனுக்குக் குடல் இறங்கியிருந்தது. அவன் எழுந்து நின்று பேண்டை அவிழ்க்கப் போக, நான்கு பேர் அவனை அமுக்கிப் பிடித்தார்கள். என்னுடையது பெரிது, உன்னுடையது பெரிது என்று ஏலம் நடந்தது.

மெர்சலின் ஓடிவந்தாள். பலகையில் பன்னிரண்டு சிவப்புப் புள்ளிகள். "என்ன ஆச்சு? என்ன சாப்பிட்டீங்க? மாத்திரையை மென்னீங்களா?"

"டாக்டரம்மா, மொதல்ல உக்காருங்க. மூச்சு வாங்குதீய." பட்டுராசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு டம்ளர் மொண்டு நீட்டினான். "குடிங்க. நெஞ்சப் புடிச்சிட்டுல்லா ஓடியாறீய."

விடியற்காலையிலிருந்து அவளுக்கும் நெஞ்செரிச்சல். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, முகத்தைச் சுளித்தாள்.

"என்ன தண்ணி இது?"

"ஆப்ப சோடா போட்டதும்மா. பத்து மணிக்கு எப்பமும் குடிப்போம்."

மெர்சலின் டம்ளரைப் பார்த்தாள். "எப்பவுமா? தினமுமா? புளிப்பை முறிக்க ஏதாவது மருந்து எடுக்கிறீங்களான்னு படிவத்துல கேட்டிருந்தேனே! பன்னிரண்டு பேரும் இல்லைன்னு எழுதியிருக்கீங்க!"

"மருந்தா?" தொம்மைக்கு மறுபடி சிரிப்பு பிடித்துக்கொண்டது. "பலசரக்குக் கடையில ஆப்பத்துக்கு விக்கானே, அது மருந்தா டாக்டரம்மா? அப்ப எங்க வீட்டுக்காரியும் டாக்டருதான்!"

"நாலு மணிக்குப் போட்டப்ப மாத்திரை பத்து மணிக்குள்ள கீழ போயிடுச்சு. நீங்க குடிச்சது அதைத் தொடல. இன்னைக்கு வயிறு நிறைஞ்சிருந்ததால மாத்திரை இரைப்பையிலேயே இருந்திருக்கு. அங்க இருந்த புளிப்பை நீங்க சோடா ஊத்தி முறிச்சுட்டீங்க. பூட்டு, பெருங்குடல் வந்துட்டுன்னு நினைச்சுத் திறந்துடுச்சு. எட்டு மணி நேர மருந்து மொத்தமும்…"

பலகை ஒரு சத்தம் போட்டது. அவள் குனிந்து பார்த்தாள். பதின்மூன்றாவது சிவப்புப் புள்ளி. பெயர் இல்லாத புள்ளி.

அவள் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் வந்துபோயின. பிறகு பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு யூரியாவின் மேலேயே உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளையைப் போலச் சிரித்தாள்.

"நானும் போடுறேன் மேஸ்திரி! மூணு மாசமா! இன்னைக்குப் பூரி தின்னுட்டு உங்களோடயேதான் போட்டேன்! மிச்சம் வச்சிருந்த அட்டையில இருந்து! நாலு கிட்டங்கிக்கும் நான் ஒருத்திதான், தூங்க ஏது நேரம்!" மூச்சுவிட்டாள். "வாரா வாரம் உங்ககிட்ட வந்து வலிக்குதான்னு கேட்டேன்ல? வலி தெரியாதவன்கிட்டப் போயி, வலி தெரியாதவ கேக்கறா! இல்லைன்னு சொல்றான்! இல்லைன்னு எழுதுறா! ஐயோ, நான் எங்க போய்ச் சொல்ல!"

பதின்மூன்று பேர் சிரித்தது ஏசி அறை வரை கேட்டிருக்க வேண்டும். கிட்டங்கி மேலாளர் ஜெயசிங் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். சலவைச் சட்டை, கழுத்தில் டை, மூன்று மணிக் காட்சிக்கு அலங்காரம் செய்த ஆள்.

"என்னவே கூத்து இது? மேடம்! நீங்களுமா?"

மெர்சலின் பலகையைத் திருப்பிக் காட்டினாள். அவர் புள்ளிகளை எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"பன்னிரண்டு சிவப்பு பரவால்ல," என்றார். "மாத்திரை கோளாறுன்னு சொல்லிரலாம். நாளைக்கு மாத்திரையும் காட்சியும் மறுபடி வச்சுக்கலாம். இவனுவ சிரிச்சிக்கிட்டு ஒளறுனத யாரு எழுதப் போறா. இந்தப் பதின்மூணாவது யாரு?"

"நான்தான் சார்! சட்டம் என்ன சொல்லுது? பரிசோதிக்கிறவளே மருந்து எடுத்தா மொத்தமும் செல்லாது! எல்லாத்தையும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும், ஒரு வருசம் ஆகும்!"

பட்டுராசனின் சிரிப்பு ஒரு கணம் நின்றது. "அப்ப எழுபத்தஞ்சு?"

"ஒரு வருசத்துக்குக் கெடையாது மேஸ்திரி!"

"இவ்வளவு சந்தோசமாச் சொல்லாதீங்க மேடம்," என்றார் ஜெயசிங். "வேலை போயிரும் உங்களுக்கு. அழிங்க. உங்க விரல் பட்டாத்தான் அழியும். ஒரு புள்ளிதான."

"முடியாது, கை நிக்கல!"

ஜெயசிங் கடிகாரத்தைப் பார்த்தார். "எவ்வளவு நேரம் இருக்கும் இது?"

"மேல திறந்தா… நாப்பது நிமிசம்!"

"சரி. காத்திருக்கேன்."

காத்திருந்தார். காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு, பதின்மூன்று பேர் சிரித்து முடிப்பதற்காக ஒரு மேலாளர் உட்கார்ந்திருந்தார். தகரக் கூரை கொதித்தது. அவர் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்துத் தொம்மைக்கு இரண்டு முறை புதிதாகச் சிரிப்பு வந்தது. "சார், பந்தியில எடம் காலியாகும்னு காத்துக் கெடக்கது மாதிரி இருக்கீயளே!" என்றான். பத்தே முக்காலுக்கு ஒருவன் விக்கல் எடுத்தான். பதினொன்றுக்கு ஆட்கள் அங்கங்கே சாய்ந்து, தங்கள் தங்கள் வலியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பதினொன்றே காலுக்கு மெர்சலினின் சிரிப்பும் நின்றது. மூன்று மாதத் தூக்கம் ஒரேயடியாக வந்து அவள் முகத்தில் உட்கார்ந்தது. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பத்து வயது கூடிப்போனவளாகத் தெரிந்தாள்.

"இப்ப அழிங்க," என்றார் ஜெயசிங் மெதுவாக. விரட்டவில்லை. "வீட்டுக் கடன் இருக்குன்னு சொன்னீங்கள்லா. நானும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

தொண்டை வறண்டுபோய், பானையில் ஒரு டம்ளர் மொண்டு குடித்துவிட்டு, சட்டைப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டார்.

மெர்சலின் பலகையைத் தொட்டாள். 'அழிக்கவா?' என்று அது கேட்டது. அவள் விரல் அதன் மேல் நின்றது. பட்டுராசன் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பிச்சை கேட்டுப் பழக்கமில்லை. அவளுக்கும் வீடு இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். தூணைப் பிடித்து எழுந்திருக்க முயன்றான், முடியவில்லை, மறுபடி உட்கார்ந்தான். அவ்வளவுதான். அதை அவள் பார்த்தாள். ஆனாலும் விரல் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. பயம் என்பது அப்படித்தான், பார்த்துக்கொண்டே இறங்கும்.

பலகை சத்தம் போட்டது.

பதினான்கு.

மெர்சலின் தலையை நிமிர்த்தினாள். ஜெயசிங் கைக்குட்டையால் வாயைப் பொத்தியிருந்தார். தோள் இரண்டும் குலுங்கின.

"சார்?"

"இல்ல… ஒண்ணும் இல்ல மேடம்… இருமல்…" கைக்குட்டை பறந்தது. பெட்டியிலிருந்து சரிந்து யூரியாவில் விழுந்தார். சலவைச் சட்டையோடு கைகால் உதறிச் சிரித்தார். "என் கழுத்து! ஏ தொம்மை, என் கழுத்தப் பாருவே! ஒரு பக்கமாத்தான் திரும்பும்! ஆறு மாசமாக் கம்ப்யூட்டரைச் சாய்ச்சு வச்சுப் பாக்கேன்! ஆபீஸ்ல பூரா பேரும் போடுதானுவ! நானும் இன்னைக்குப் பூரிக்கு மேலதான் போட்டேன்! மேல மேல கணக்குக் கேட்டா எவன்வே தூங்குவான்!"

"ஏசி ரூம்ல இருக்காவளே, அந்த மூணு பேரு?" என்றான் பட்டுராசன்.

"பெட்டி பெட்டியா வாங்கிட்டுப் போறானுவ! பெட்டி பெட்டியா!"

தொம்மை பானைக்குள் எட்டிப் பார்த்தான். "பாதி இருக்கு. கொண்டு போயிக் குடுத்துட்டு வாரேன். விருந்தாளிவ, தாகமா இருக்கும்."

"வேண்டாம் தொம்மை," என்றாள் மெர்சலின். அவள் இப்போது முழு நிதானத்தில் இருந்தாள். அழிப்பதை ரத்து செய்தாள். பன்னிரண்டு பெயர்களுக்கு நேரே முதுகு, கால்விரல், தோள், குடல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எழுதினாள். பதின்மூன்றுக்கு நேரே தன் பெயரை எழுதினாள்.

"பதினாலு?" என்று ஜெயசிங்கைக் கேட்டாள். "உங்க பேரைப் போடவா சார்? நாப்பது நிமிசம் கழிச்சு என்னைக் கொல்லக்கூடாது."

"போடும்மா!" என்று அவர் தரையிலிருந்து கத்தினார். "இனிசியலோட போடு!"

எல்லாவற்றையும் சோதனைக்கு அனுமதி கொடுத்த மருந்துத் துறைக்கு அனுப்பினாள்.

மூன்று மணிக்கு எழுபத்தைந்து கிலோ மூட்டைகள் வரிசையாக நின்றன, யாரும் அவற்றைத் தொடவில்லை. ஏசி அறைக்காரர்கள் போனில் பேசிக்கொண்டே காரில் ஏறினார்கள். ஜெயசிங் அறையைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தார். மெர்சலின் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நாளை வருவாளா என்று யாரும் கேட்கவில்லை. அவள் பேருந்துக்கு நிற்கும் இடம் வரை தொம்மை நொண்டிக்கொண்டே கூடப் போய், கூட்டத்தில் சண்டை போட்டு உட்கார இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தான்.

திரும்பி வந்தவன் கிழிந்த மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்த கோணூசியை எடுத்துப் பட்டுராசனிடம் நீட்டினான்.

"நாளையில இருந்து நீரு உக்காந்து தையும் மேஸ்திரி."

பட்டுராசனுக்கு முகம் சுண்டியது. "அப்ப மேஸ்திரி யாருவே?"

"யாரு, நீருதான். முதுகுதான போச்சு, வாய் இருக்குல்லா? உக்காந்துக்கிட்டே எங்கள ஏசும்."

"ஒன் காலு?"

"ரெண்டு ஊசி வாங்கணும் போல," என்றான் தொம்மை. "தோளுக்காரன் வேற கேக்கான்."

பட்டுராசன் மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போனான். விசில் இல்லை. படியேறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டான். நேரே உள்ளே போய் வெறுந்தரையில் குப்புறப் படுத்தான். வேல்கனி வந்து தலைமாட்டில் நின்றாள்.

"என்ன, இன்னைக்கு வெள்ளையடிக்கலியா?"

"அரிசி டிரம்முக்குப் பின்னால ஒரு படம் இருக்கு. எடுத்துப் பாரு."

எடுத்துப் பார்த்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ஒன்றும் விளங்கவில்லை, விளங்கியும்விட்டது. வாய்க்கு வந்தபடி அவனைத் திட்டினாள். அவன் அப்பனைத் திட்டினாள். தைல பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, திட்டிக்கொண்டே சட்டையை மேலே சுருட்டினாள்.

"எங்க? இங்கயா?"

"கீழ."

"இங்கயா?"

பட்டுராசன் கத்திய கத்தலில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது. வேல்கனி பதறிக் கையை எடுத்தாள்.

"எடுக்காதட்டி," என்றான் அவன். பல்லைக் கடித்திருந்தான், கண்ணில் நீர் நின்றது, முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. "அங்கதான். கரெக்டா அங்கதான்."